வெட்ட நான்கு நிமிடம்

புனேயில் இதற்குப் பெயர் சோனோகிராஃபி. நம்மூரில் வெறும் ஸ்கேன். பெயர் எதுவானாலும் காத்திருக்கும் விதம் ஒன்றுதான். வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு, இனி அடக்க முடியாது என்கிற நிலை வரும்வரை நாற்காலியில் நெளிய வேண்டும். வரிசையில் பாதிப் பேர் கர்ப்பிணிகள். மீதியில் பலர் அறுபதைத் தாண்டிய ஆண்கள். கர்ப்பிணிகள் தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். ஆண்கள் சுவரைப் பார்க்கிறார்கள். சுவரில் மராத்தியில் ஒரு பலகை: இங்கே கருவின் பாலினம் கண்டு சொல்லப்படாது, அது தண்டனைக்குரிய குற்றம். அந்தப் பலகைக்கும் இந்தப் பெரியவர்களுக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். உண்டு. பிறகு வருகிறேன்.

உள்ளே அழைத்து, அடிவயிற்றில் சில்லென்று ஜெல் தடவி, கருவியை அழுத்திப் பார்க்கிறார்கள். ‘போய்ட்டு வாங்க’ என்று அனுப்பி, வந்ததும் மறுபடி பார்க்கிறார்கள். சிறுநீர்ப்பை முழுதாகக் காலியாகியிருக்கிறதா, எவ்வளவு தங்கிவிட்டது என்று தெரிந்துகொள்ள. கடைசியில் கையில் ஒரு தாள். அதில், புராஸ்டேட் 47 சிசி என்பது போல ஒரு எண். அந்த எண்ணைத்தான் பெரியவர் வீட்டுக்கு எடுத்துப்போகிறார். ரத்தக் கொதிப்பு 140 என்றால் அதிகம் என்று தெரியும். 47 என்றால்?

புராஸ்டேட் என்பது சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர் வெளியேறும் குழாயைச் சுற்றிக் கட்டிய சுரப்பி. விந்துவோடு கலக்கும் திரவத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது அதன் வேலை. இளம் வயதில் சுமார் 20 சிசி, ஒரு நெல்லிக்காய் அளவு. ஐம்பதுக்கு மேல் பெரும்பாலான ஆண்களுக்கு அது மெல்ல வளர்கிறது. 80 சிசி என்றால் எலுமிச்சை. 150 என்றால் சாத்துக்குடி. இந்த வளர்ச்சி புற்றுநோய் அல்ல. ஆனால் குழாய் அதன் நடுவில் ஓடுகிறது. வளரும் பகுதியும் குழாயை ஒட்டிய உட்பகுதிதான். அதனால் வெளியே இடமிருந்தாலும் உள்ளே நெரிக்கிறது. புனேயிலிருந்து சென்னைக்கு ராத்திரி வண்டியில் போகிற எவருக்கும் இதன் விளைவு தெரியும்: சோலாப்பூர் தாண்டும் முன்பே இருமுறை, குண்டக்கல் வருவதற்குள் இன்னும் இருமுறை எழுந்து போகும் பெரியவர். ரயில்வே அறுபது வயது ஆண்களுக்குக் கீழ் படுக்கை ஒதுக்குவது முழங்காலை நினைத்து என்று நம்பிக்கொண்டிருக்கிறோம்.

மாத்திரைகளில் பலருக்குக் குணம் தெரியும். தெரியாதவர்களுக்கு அறுவை. அங்கேதான் இந்தக் கட்டுரையின் விஷயம் தொடங்குகிறது: எந்த இடம்வரை வெட்டுவது, எதை விட்டுவைப்பது என்ற கோட்டை யார் போடுவது?

கோடு போட முதலில் பார்க்க வேண்டும். இந்த உறுப்பை வெகுகாலம் யாராலும் பார்க்க முடியவில்லை, தொட்டார்கள். ஐரிஷ்காரரான பீட்டர் ஃபிரேயர் 1875-இல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து வட இந்தியாவில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். சிறுநீர்ப்பைக் கற்களைக் கத்தியில்லாமல், குழாய் வழியே கருவியை விட்டு நசுக்கி வெளியேற்றுவதில் கைதேர்ந்தவர். ராம்பூர் நவாபுக்குச் சிகிச்சை செய்து லட்ச ரூபாய் வாங்கியதும், அதை ஒட்டி அரசோடு மல்லுக்கு நின்றதும் அந்தக் காலத்தில் பேச்சாக இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கல்லைக் கைக்கு எட்டாத இடத்தில் உணர்ந்து பிடித்து உடைத்துப் பழகிய அந்தக் கைகளோடு லண்டன் போனவர், 1900 டிசம்பர் 1-ஆம் தேதி அங்கே செயின்ட் பீட்டர்ஸ் மருத்துவமனையில் வீங்கிய புராஸ்டேட்டை முழுதாகத் தோண்டி எடுத்தார். அடிவயிற்றில் ஒரு கீறல், சிறுநீர்ப்பைக்குள் ஒரு விரல். மறுகையின் விரல் மலக்குடலில் இருந்தபடி சுரப்பியை மேலே தூக்கிக் கொடுக்கும். வீங்கிய பகுதி, ஆரஞ்சுச் சுளை தோலிலிருந்து பிரிவது போல, விரல் நுனிக்கு வழிவிட்டுப் பிரியும். நியூயார்க்கின் யூஜின் ஃபுல்லர், இதை நான் முன்பே செய்துவிட்டேன் என்று சண்டைக்கு வந்தார். அந்த வழக்கு நமக்கு வேண்டாம். மலக்குடலில் இருந்த அந்த விரலை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் அதே இடத்துக்கு வேறொன்று வரப்போகிறது.

அடுத்த தலைமுறை கண்ணைக் கொண்டுவந்தது. 1920-களிலும் 30-களிலும் அமெரிக்காவில் ஸ்டெர்ன், மெக்கார்த்தி ஆகியோர் உருவாக்கிய கருவி குழாய் வழியாகவே உள்ளே போகும்; நுனியில் மின்சாரக் கம்பி வளையம்; கூடவே பார்க்க ஒரு லென்ஸ். வளையத்தை இழுத்து இழுத்து, தேங்காய்த் துருவல் போலச் சதையைச் சீவி எடுக்க வேண்டும். டி.யு.ஆர்.பி. என்று மருத்துவர்கள் சொல்லும் இந்த அறுவைதான் இன்றும் புனேயிலும் மதுரையிலும் வழக்கம். ஹோல்மியம் லேசர் அதற்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. வயிற்றில் கீறல் இல்லை. ஆனால் இந்தக் கண் குகைக்குள் நிற்பவனின் கண். சுவர் தெரியும், சுவரின் கனம் தெரியாது. இன்னும் எத்தனை மில்லிமீட்டர் சீவினால் சுரப்பியின் வெளியுறை வரும் என்பதை, சீவிய இடத்தின் நிறத்தையும் நாரையும் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டும். குழாயின் தரையில் வெருமாண்டானம் என்று ஒரு சிறு மேடு. விந்து வரும் நாளங்கள் அதில்தான் திறக்கின்றன. அதைக் கடந்து சிறிது தூரத்தில், சிறுநீரை அடக்கிப் பிடிக்கும் தசை வளையம். அந்த மேடு எல்லைக்கல். தாண்டி வெட்டினால் ஆயுசுக்கும் உடை நனையும். கடிகாரம் வேறு மிரட்டும். பழைய முறையில் உள்ளே பாய்ச்சும் திரவம் ரத்தத்தில் கலந்து சோடியத்தைக் குறைத்துவிடும் என்பதால், ஒரு மணி நேரத்துக்குள் முடி என்பது எழுதாத சட்டமாக இருந்தது. இப்போது உப்புநீரிலேயே வேலை செய்யும் கருவிகள் வந்து அந்தப் பயத்தைத் தணித்திருக்கின்றன.

சுவரின் கனத்தை வெளியிலிருந்து காட்டியது ஒலி.

நம் காதுக்கு எட்டாத ஒலியை உடலுக்குள் அனுப்பினால், ஒரு திசு முடிந்து இன்னொன்று தொடங்கும் ஒவ்வோர் எல்லையிலும் சிறு பங்கு திரும்பி வருகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்கு சுமார் 1,540 மீட்டர் போகிறது. 4 சென்டிமீட்டர் ஆழத்தில் இருக்கும் எல்லையைத் தொட்டுத் திரும்ப 8 சென்டிமீட்டர் பயணம். அதற்கு ஆகும் நேரம் ஒரு நொடியின் இருபதாயிரத்தில் ஒரு பங்குதான். கருவி செய்வதெல்லாம் அந்த நேரத்தை அளந்து, ஆழமாக மாற்றி, எதிரொலி பலமாக வந்த இடத்தில் வெள்ளைப் புள்ளியும் மெலிந்த இடத்தில் கறுப்பும் வைப்பது. கிணற்றில் கல்லைப் போட்டுவிட்டு சத்தம் வரும்வரை எண்ணி ஆழம் சொன்ன சிறுவயது வித்தைதான்; எண்ணுவது வேகமாகிவிட்டது.

இதில் ஒரு பேரம் இருக்கிறது. அலை நுணுக்கமாக இருந்தால் படமும் நுணுக்கமாக வரும். ஆனால் நுணுக்கமான அலை சீக்கிரம் களைத்துவிடும். நொடிக்கு 75 லட்சம் அதிர்வுகள் உள்ள அலையின் நீளம் 0.2 மில்லிமீட்டர். படம் அருமையாக வரும், ஆனால் வயிற்றின் கொழுப்பைத் தாண்டி புராஸ்டேட்வரை பலத்தோடு போய்த் திரும்பாது. அதனால் வயிற்று வழியே பார்க்கும்போது அதைவிட முரடான அலை. தண்ணீர் குடிக்கச் சொல்வதும் இதனால்தான்: நிறைந்த சிறுநீர்ப்பை ஒலிக்கு ஒரு ஜன்னல், தண்ணீரில் ஒலி கிட்டத்தட்ட இழப்பில்லாமல் கடக்கும். நுணுக்கமாகப் பார்க்க வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். புராஸ்டேட்டுக்கு மிகக் கிட்டே, சில மில்லிமீட்டர் தள்ளி இருப்பது மலக்குடலின் சுவர். ஃபிரேயரின் விரல் இருந்த இடம்.

அங்கிருந்து உருப்படியான படத்தை முதலில் எடுத்தவர் ஜப்பானின் ஹிரோகி வதனாபே, 1960-களின் பிற்பகுதியில். அவர் வடிவமைத்தது ஒரு நாற்காலி. நாற்காலியின் நடுவில் ஒலிக்கருவி நிமிர்ந்து நிற்கும். நோயாளி அதன்மேல் உட்கார வேண்டும். மருத்துவ வரலாற்றில் இதைவிடச் சங்கடமான இருக்கை இருந்திருக்குமா தெரியவில்லை. ஆனால் அதில் உட்கார்ந்தவர்களின் புராஸ்டேட் முதல்முறையாகக் குறுக்குவெட்டில் தெரிந்தது. உறை, உள்ளே வீங்கிய பகுதி, வெளியே அமுங்கிய பகுதி எல்லாம். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் ஜான் மெக்நீல் என்ற நோய்க்கூறியலாளர், இறந்தவர்களின் சுரப்பிகளைப் பல கோணங்களில் சீவிப் பார்த்து, இந்த உறுப்பு ஒரே கட்டி அல்ல, தனித்தனி மண்டலங்கள் சேர்ந்தது என்று நிறுவிக்கொண்டிருந்தார். குழாயை ஒட்டிய மண்டலத்தில் வருவது இந்த வயதுகால வீக்கம். வெளிமண்டலத்தில்தான் பெரும்பாலும் புற்றுநோய்.

இப்போது அந்த 47-க்கு வரலாம். அது அளந்த எண் அல்ல, பெருக்கிய எண். அகலம் 5, நீளம் 4.5, உயரம் 4 சென்டிமீட்டர் என்று மூன்று கோடுகளைத் திரையில் இழுத்து, மூன்றையும் பெருக்கி, 0.52-ஆல் மறுபடி பெருக்கினால் 47. சுரப்பி ஒரு சீரான முட்டை என்று வைத்துக்கொள்ளும் கணக்கு. ஒவ்வொரு கோட்டிலும் பத்து சதவீதம் கூடுதலாக இழுத்துவிட்டால் விடை முப்பத்து மூன்று சதவீதம் கூடி 62 ஆகிவிடும். போன மாதம் 47, இந்த மாதம் வேறொரு மையத்தில் 55 என்று பதறுகிறவர்களுக்கு இதைச் சொல்லலாம். வளர்ந்தது சுரப்பியாக இருக்க வேண்டும் என்பதில்லை.

மூன்று கோடு ஒரு எண்ணுக்குப் போதும். அறுவைக்குப் போதாது.

புனேயின் போசரி தொழிற்பேட்டைப் பக்கம் போனால் நீரால் இரும்பை அறுக்கும் பட்டறைகளைப் பார்க்கலாம். மணல் போன்ற துகள் கலந்த தண்ணீரைப் பேரழுத்தத்தில் ஊசித்துளை வழியே விட்டால் தகடும் கருங்கல்லும் வெண்ணெய் போலப் பிளக்கும். சூடு ஏறாது என்பதுதான் அதன் மகிமை. வெட்டிய விளிம்பு கருகாது, வளையாது. இந்த யோசனையைப் புராஸ்டேட்டுக்குக் கொண்டுவந்தது கலிஃபோர்னியாவின் புரோசெப்ட் பயோரோபோட்டிக்ஸ் நிறுவனம். துகள் கிடையாது, வெறும் உப்புநீர். வீங்கிய சுரப்பித் திசு மிருது. அதைச் சுற்றிய உறை நார் நிறைந்தது. சரியான அழுத்தத்தில் நீர் மிருதுவானதைக் கரைத்துக்கொண்டு போகும், நாருக்கு முன் தயங்கும். முதன்முதலில் இதை மனிதர்களில், 15 பேரிடம், செய்து பார்த்தவர் நியூசிலாந்தின் டௌரங்கா நகரத்து பீட்டர் கில்லிங். அவர் ஏற்கெனவே பெயர் பெற்றவர்: ஹோல்மியம் லேசரால் புராஸ்டேட்டைத் தோண்டியெடுக்கும் முறையை 1990-களில் வளர்த்தெடுத்தவர்களில் ஒருவர். அந்த லேசர் முறையின் பெரிய குறை, கற்றுக்கொள்வதற்குள் பல பத்து நோயாளிகளைக் கடக்க வேண்டும் என்பது. உலகின் மிகக் கடினமான கைவேலைகளில் ஒன்றை உருவாக்கியவரே, கை தேவைப்படாத கருவியை முதலில் ஓட்டிப் பார்த்தார் என்பது எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம்.

நடப்பது இப்படி. நோயாளிக்கு முதுகுத்தண்டில் மரப்பு ஊசி அல்லது முழு மயக்கம். மலக்குடலில் ஒலிக்கருவி, குழாய் வழியே நீர்க்கருவி, இரண்டும் அசையாதபடி பிடிப்பில். திரையில் சுரப்பி குறுக்காகவும் நெடுக்காகவும் தெரிகிறது. மருத்துவர் குறுக்குப் படத்தில் எத்தனை கோணத்துக்கு, எவ்வளவு ஆழத்துக்கு என்று குறிக்கிறார். நெடுக்குப் படத்தில் சிறுநீர்ப்பையின் கழுத்திலிருந்து வெருமாண்டானம்வரை வெட்டின் விளிம்பை வரைகிறார். அந்த மேட்டை நெருங்கும்போது நடுவை விட்டுவிட்டு இரு பக்கமும் மட்டும் வெட்டும்படி கோடு விரிகிறது. வண்ணத்துப்பூச்சியின் சிறகு போல இருப்பதால் அதற்கு வண்ணத்துப்பூச்சி வெட்டு என்று பெயர். வரைந்து முடித்துக் காலால் மிதியை அழுத்தினால் நீர்த்தாரை இருபுறமும் வீசியபடி, கோட்டின்படியே ஆழத்தை மாற்றிக்கொண்டு, உள்ளிருந்து வெளியே நகர்ந்து வருகிறது. திரையில் சதை மறைவது நேரலையில் தெரியும்.

இதையும் டி.யு.ஆர்.பி.யையும் ஒப்பிட்ட ஆய்வில் நான்கு நாடுகளில் 17 மையங்கள், 181 ஆண்கள். முடிவுகள் 2018-இல் வெளியாயின. சதையை அகற்ற ஆன சராசரி நேரம்: கம்பி வளையத்தால் 27 நிமிடம், நீரால் 4 நிமிடம். இந்த எண்ணைத்தான் விளம்பரங்கள் கொண்டாடும். அதே ஆய்வில் இன்னோர் எண் இருக்கிறது. மொத்த அறுவைக்கு ஆன நேரம்: 36 நிமிடம், 33 நிமிடம். வெட்டுவதில் 23 நிமிடம் மிச்சம். மொத்தத்தில் மிச்சம் மூன்றே நிமிடம். மீதி எங்கே போயிற்று? கருவிகளைப் பொருத்துவதில், ரத்தத்தை நிறுத்துவதில், படத்தைப் பார்ப்பதில், கோடு போடுவதில். முன்பு வெட்டிக்கொண்டே யோசித்தார்கள். இப்போது யோசித்து முடித்துவிட்டு வெட்டுகிறார்கள். இரண்டு வேலைகளும் முதல்முறையாகப் பிரிந்தன.

பிரிந்துவிட்ட பின், யோசிக்கும் பாதியையும் இயந்திரத்திடம் கொடுத்தால் என்ன என்ற கேள்வி வராமல் இருக்குமா?

2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் அதே நிறுவனத்தின் புதிய கருவியான ஹைட்ராஸுக்கு அனுமதி அளித்தது. அதில் இருக்கும் மென்பொருள் ஒலிப்படத்தைப் படித்து, உறுப்புகளின் எல்லைகளை அடையாளம் கண்டு, வெட்டுத் திட்டத்தையும் வரைந்து கொடுக்கிறது. மருத்துவர் திருத்தலாம், ஒப்புக்கொள்ளலாம். ஒப்புதல் இல்லாமல் நீர் பாயாது.

இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்பது ஒலிப்படத்தைக் கிட்டே வைத்துப் பார்த்தால்தான் தெரியும். அது படம் போலவே இராது. அரிசி மாவை இறைத்த தரை போல இருக்கும். அலையைவிடச் சிறிய எண்ணற்ற திசுத்துணுக்குகளிலிருந்து சிதறி வரும் எதிரொலிகள் ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் உண்டாக்கும் புள்ளிக்குவியல் அது. சுரப்பிக்குள் சிறு சுண்ணக்கற்கள் இருந்தால் அவற்றுக்குப் பின்னால் நிழல் விழும். நீர்க்கருவியின் உலோகத் தண்டே நிழல் போடும். அதற்கு அப்பால் இருப்பது இருட்டு. ஒலிக்கருவி சற்று அழுத்தினால் சுரப்பியே உருமாறும். சிறுநீர்ப்பைப் பக்கம் எல்லை பளிச்சென்று தெரியும். அடக்கும் தசை இருக்கிற கீழ்முனையில், எது எங்கே முடிகிறது என்று அனுபவசாலிகளே கண்ணைச் சுருக்குவார்கள்.

இந்தப் புள்ளிக்குவியலில் கோடு காண இன்று பரவலாகப் பயன்படும் வழி, 2015-இல் ஜெர்மனியின் ஃபிரைபுர்க் பல்கலைக்கழகத்தில் ஓலாஃப் ரோனபெர்கரும் சகாக்களும் வெளியிட்ட யூ-நெட் என்ற வலைப்பின்னலிலிருந்து கிளைத்தது. அதன் தந்திரம் எளிது. கோபுரத்தில் ஒரு பொம்மை எது என்று சொல்ல இரண்டு பார்வை வேண்டும்: தள்ளி நின்றால் இது எந்த நிலை, எந்த மூலை என்று தெரியும், கிட்டே போனால் விரலின் வளைவு தெரியும். யூ-நெட் படத்தைப் படிப்படியாகச் சுருக்கித் தள்ளி நின்று பார்க்கிறது. பிறகு படிப்படியாக விரிக்கிறது. விரிக்கும் ஒவ்வொரு படியிலும், சுருக்கும்போது அதே அளவில் பார்த்த நுணுக்கத்தை எடுத்து ஒட்டிக்கொள்கிறது. முடிவில் ஒவ்வொரு புள்ளியைப் பற்றியும் ஒரு தீர்ப்பு: சுரப்பி, சுரப்பியில்லை. கற்பிக்க வேண்டியது நிபுணர்கள் கையால் எல்லை வரைந்த படங்கள், நிறைய.

நிபுணர்களே ஒத்துப்போவதில்லை என்பது அடுத்த சிக்கல். ஒரே படத்தில் இருவர் வரைந்த கோடுகள் எவ்வளவு பொருந்துகின்றன என்று அளக்க டைஸ் என்றொரு மதிப்பெண் வைத்திருக்கிறார்கள்: பொதுவான பரப்பை இரட்டித்து இரண்டு பரப்புகளின் கூட்டுத்தொகையால் வகுப்பது. இருவரும் தலா 40 சதுர அலகு வரைந்து 36 பொதுவாக இருந்தால் 0.9. நல்ல மதிப்பெண். ஆனால் பொருந்தாத அந்த நாலு அலகு எங்கே இருக்கிறது? சிறுநீர்ப்பைப் பக்கம் என்றால் கொஞ்சம் சதை மிஞ்சும், அவ்வளவே. தசை வளையத்தின் பக்கம் என்றால் ஒரு மனிதர் மீதி நாளெல்லாம் துணியைக் கட்டிக்கொண்டு திரிய வேண்டும். மதிப்பெண்ணுக்கு இரண்டும் ஒன்றே. சராசரிகளை நம்பி மருத்துவ மென்பொருளைப் பாராட்டும் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம் இந்த நாலு அலகு எனக்கு நினைவு வரும்.

அதோடு, எல்லையைக் கண்டுபிடிப்பதும் வெட்டுக்கோடு போடுவதும் ஒன்றல்ல. தையற்கடையில் உடம்பை அளப்பது ஒரு வேலை. துணியில் சாக்பீஸால் கோடு இழுப்பது இன்னொன்று. அளவு உடம்பில் இருக்கிறது. தையலுக்கு எவ்வளவு விடுவது, வளரும் பிள்ளைக்கு மடித்து வைப்பதா என்பதெல்லாம் தையற்காரரின் தீர்மானம். போட்டுக்கொள்கிறவரையும் கேட்க வேண்டும். புராஸ்டேட்டிலும் அப்படித்தான். மேட்டைச் சுற்றி அதிகம் விட்டுவைத்தால் விந்து வெளியேறுவது காப்பாற்றப்படும் வாய்ப்பு கூடும். அந்த 181 பேர் ஆய்வில், தாம்பத்திய உறவு உள்ளவர்களில் அறுவைக்குப் பின் விந்து வெளியேறாமல் போனவர்கள் டி.யு.ஆர்.பி.யில் நூற்றுக்கு 36, நீரில் 10. ஆனால் அதிகம் விட்டுவைத்தால் அடைப்பு மிஞ்சலாம். எது பெரிது என்று ஒலிப்படம் சொல்லாது. நோயாளி சொல்ல வேண்டும். அறுபத்தைந்து வயதுக்காரரிடம், அதுவும் மகன் பக்கத்தில் நிற்க, அந்தக் கேள்வி நம்மூர் ஓ.பி.யில் எத்தனை முறை கேட்கப்படுகிறது? இந்த வயசுல என்னங்க என்று மருத்துவரும் நினைத்துக்கொள்கிறார், நோயாளியும் தரையைப் பார்க்கிறார். இயந்திரம் கேட்காமல் விடுவதற்கு முன்பே மனிதர்கள் கேட்காமல் விட்டுப் பழகிவிட்டோம்.

நீர்முறைக்குக் குறைகள் உண்டு. சுடாமல் வெட்டுவதால் ரத்தக்குழாய் பொசுங்கி அடைபடாது. 80 முதல் 150 சிசி வரையான பெரிய சுரப்பிகளில் நடந்த அடுத்த ஆய்வில் 101 பேரில் ஏறக்குறைய ஆறு சதவீதத்தினருக்கு வீடு திரும்பும் முன்பே ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. பின்னர் சிறுநீர்ப்பைக் கழுத்தில் மட்டும் கசியும் இடங்களை மின்சூட்டால் அடைக்கும் பழக்கம் வந்தபிறகு அது வெகுவாகக் குறைந்தது. கருவியின் விலை, ஒவ்வொரு நோயாளிக்கும் புதிதாக வாங்க வேண்டிய நீர்த்தண்டின் விலை, இரண்டும் காப்பீட்டு அட்டையை நம்பி வரும் இந்தியருக்கு எட்டாதவை.

ஆனால் கோடு போடும் மென்பொருளின் கதை வேறு. அதற்கு நீர்க்கருவி கட்டாயமில்லை. லேசரோ கம்பி வளையமோ எதுவானாலும், முன்கூட்டியே சுரப்பியின் உருவத்தை முப்பரிமாணத்தில் வரைந்து கொடுத்தால் மருத்துவருக்கு உதவும். இதைச் செய்யக்கூடிய ஆட்கள் புனேயில் இருக்கிறார்கள். மார்பு எக்ஸ்ரேயைப் படிக்கும் டீப்டெக் நிறுவனம் புனேக்காரர்களுடையது. அவர்களுடைய மென்பொருள் சென்னை மாநகராட்சியின் காசநோய்த் தேடலில் பயன்பட்டிருக்கிறது. அரசின் கணினி ஆராய்ச்சி அமைப்பான சி-டாக் இந்த ஊரில்தான் பரம் சித்தி என்ற செயற்கை நுண்ணறிவுக் கணினியை நிறுவியது. 2020 நவம்பரில் உலகின் வேகமான கணினிகள் பட்டியலில் அது 63-ஆம் இடத்தில் இருந்தது. கணக்குப் போட ஆளும் பொறியும் உண்டு. எக்ஸ்ரே போல ஒலிப்படம் சுலபமாகச் சிக்காது என்பதுதான் தடை. எக்ஸ்ரேயை ஓர் இயந்திரம் நிலையாக நின்று எடுக்கிறது. ஒலிப்படத்தை ஒரு கை எடுக்கிறது. கை மாறினால் படம் மாறும்.

இங்கேதான் அந்த மராத்திப் பலகை வருகிறது. ஸ்கேனில் பெண் என்று தெரிந்ததும் கலைப்பது பெருகியபோது, அதற்கு எதிராக நாட்டிலேயே முதல் சட்டம் இயற்றிய மாநிலம் மகாராஷ்டிரம், 1988-இல். மத்தியச் சட்டம் 1994-இல் வந்தது. கருவின் பாலினத்தைக் காட்டக்கூடிய அல்ட்ராசவுண்ட் கருவி எதுவாயினும் பதிவு செய்ய வேண்டும். யார் இயக்குகிறார், எந்த அறையில் இருக்கிறது என்பதற்கெல்லாம் கணக்கு வேண்டும். ஆண் நோயாளிகளை மட்டுமே பார்க்கும் சிறுநீரியல் மருத்துவரும் தன் ஸ்கேன் கருவிக்கு இந்தச் சட்டத்தின் கீழ் சான்றிதழ் வாங்கிச் சுவரில் மாட்டுகிறார். நகைப்புக்கு இடம் உண்டு. ஆனால் சட்டம் எந்தச் சூழலில் பிறந்தது என்பதை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. கருவி சுலபமாகக் கைமாறக் கூடாது, நினைத்த இடத்துக்குத் தூக்கிப் போகக் கூடாது என்பதே அதன் நோக்கம். படம் எடுப்பதை யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் செய்யலாம் என்ற உலகத்தைக் கற்பனை செய்யும் மென்பொருள்காரர்கள் இந்தியாவுக்குள் நுழையும்போது முதலில் படிக்க வேண்டிய பலகை அது.

இன்னொரு விதமான புனேயும் இருக்கிறது. சிறுநீர்க்குழாய் அடைப்புகளைச் சரிசெய்வதில் உலகப் பெயர் பெற்ற சஞ்சய் குல்கர்னி இங்கேதான் வேலை செய்கிறார். வாயின் உட்சுவரிலிருந்து எடுத்த சவ்வால் குழாயை மறுபடி கட்டும் அவருடைய முறையைப் பார்த்துப் படிக்க வெளிநாட்டு மருத்துவர்கள் புனேக்கு வருகிறார்கள், அவர் அறுப்பதை நேரில் பார்க்கிறார்கள். அந்த அறிவு கோடாக வரைந்து அனுப்ப முடியாதது. பக்கத்தில் நின்று வாங்க வேண்டியது. புராஸ்டேட் அறுவையும் நேற்றுவரை அப்படித்தான் இருந்தது. அதில் ஒரு பங்கு இப்போது கோடாக வெளியே வந்துவிட்டது. எவ்வளவு பங்கு என்பதில் மருத்துவர்களிடையே சண்டை இருக்கிறது, இருக்கட்டும்.

எனக்குக் கவலை தருவது ஒப்புதல் பொத்தான். வெற்றுத் திரையில் தானே கோடு இழுக்க வேண்டியிருக்கும்போது மருத்துவர் படத்தை உற்றுப் பார்த்தே ஆக வேண்டும். கோடு தயாராக வந்து நிற்கும்போது, அது சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். இரண்டும் ஒரே பார்வை போலத் தெரிகிறது, இல்லை. விடைத்தாளைத் திருத்தியவர்களுக்குத் தெரியும்: சுமாராகச் சரியாக எழுதிய விடைக்குக் கை தானாக டிக் போட்டுவிடும். நாளுக்கு எட்டு அறுவை என்றால் எட்டாவது கோட்டை யார் எவ்வளவு நேரம் பார்ப்பார்? முதல் முப்பது நோயாளிகளுக்குத் தானே வரைந்து, பிறகே மென்பொருளின் கோட்டைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கும்படி புதிய மருத்துவர்களைப் பழக்கினால் நன்றாயிருக்கும் என்பது என் எண்ணம். கோடு போடத் தெரியாதவர் கோட்டைத் திருத்துவது எப்படி?

இந்தக் கருவியில் எனக்குப் பிடித்த பாகம் தரையில் இருக்கிறது. திட்டத்தை இயந்திரம் வரையலாம், நீர்த்தாரையை இயந்திரம் நகர்த்தலாம். ஆனால் பாய்ச்சல் தொடர மருத்துவரின் கால் மிதியை அழுத்திக்கொண்டே இருக்க வேண்டும். திரையில் தண்டின் நிழலுக்குப் பின்னால் ஏதோ சரியில்லை என்று பட்டால் திருத்தம் தேட வேண்டாம், பொத்தான் தேட வேண்டாம். காலை எடுத்தால் நீர் நின்றுவிடும்.